கம்பத்திலிருந்து எட்டு அடி

தையற்காரியின் வீட்டில் எட்டு அடி அடுத்த மனையில் நின்றது. அடுத்த மனை கொழுந்தனுடையது.

மேஸ்திரி தெருவிளக்குக் கம்பத்திலிருந்து அளந்திருந்தார். அவள் கணவனும் சாகும்வரை கம்பத்தைத்தான் எல்லை என்று சொல்லி வந்தான். அவன் செத்த பிறகு, வீடு கட்டுவதற்கு முன்பே, சாக்கடை வெட்டியவர்கள் கம்பத்தைப் பிடுங்கி எட்டு அடி தள்ளி நட்டது அவளுக்குத் தெரியாது. குடிபோன மறுவாரமே வக்கீல் நோட்டீஸ் வந்தது. இடித்துவிட்டுப் போ என்றது.

அவளுடைய வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. கட்டும்போதே கொழுந்தனுக்குத் தெரிந்திருந்து, வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்திருந்தால் கோர்ட் இடிக்கச் சொல்லாது; நிலத்துக்கு விலை கொடுத்தால் போதும். தெரியாது என்று அவன் சாதித்துவிட்டால் தையல் அறை போகும். அந்த அறைதான் அவளுக்குச் சோறு. மனுவில் தெரியாது என்றே எழுதியிருந்தான். சாட்சி கிடையாது.

கோர்ட் அனுப்பிய கமிஷனர் காலையில் வந்து அளந்தார். எட்டு அடி சரியாக இருந்தது. கொழுந்தன் இடுப்பில் கை வைத்து நின்றான். செங்கல்லை வேண்டுமானால் பொறுக்கிக்கொண்டு போகட்டும், அதற்கெல்லாம் கேஸ் போட மாட்டேன் என்றான்.

அவள் கமிஷனரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இவரைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. தன் மனை எங்க இருக்குன்னே இவருக்குத் தெரியாது. அவங்க அண்ணன்தான் எல்லாத்துக்கும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவார். தெருவே சிரிக்கும்."

அவன் முகம் கறுத்தது. அவனுடைய வக்கீல் தோளைத் தொட்டார். தட்டிவிட்டான்.

"எனக்கா தெரியாது? நீங்க நூல் கட்டின அன்னிக்கே தெரியும் அண்ணி. கட்டட்டும், கூரை ஏறட்டும்னுதான் பொறுத்திருந்தேன். கான்கிரீட்டுக்குத் தண்ணி விட்டதே நான்தான்."

கமிஷனர் எழுதிக்கொண்டிருந்தார்.

பேனா நகர்வதை அப்போதுதான் அவன் பார்த்தான். கோபத்தில் வந்த பேச்சு, அடித்துவிடுங்கள் என்றான். அடிக்க முடியாது, கோபத்தில் சொன்னார் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் கமிஷனர். சேர்த்தும் எழுதினார்.

கையெழுத்துப் போட இடம் தேவைப்பட்டது. தையல் அறையில் துணி வெட்டும் மேஜையை அவள் ஒதுக்கிக் கொடுத்தாள். கமிஷனர் தாள்களைப் பரப்பினார். கொழுந்தனுடைய வக்கீலும் உள்ளே வந்துவிட்டார். கொழுந்தன் மட்டும் வாசற்படிக்கு வெளியே நின்றான்.

"உள்ள வாங்க," என்றாள். "இன்னும் உங்க இடம்தானே."