வெள்ளிக்கிழமைக் குளியல்

நோஃபர் குளித்துப் பதினோரு நாள் ஆகிவிட்டது. ஏழு வயதுப் பெண். ஈரத்துணியால் உடம்பைத் துடைக்க விடுவாள், அதுவும் காலில் ஷூவோடு. தலையில் தண்ணீர் என்றால் ஊரைக் கூட்டிவிடுவாள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் பெண் இடம் மாற்றித் தரச்சொல்லிக் கேட்டிருந்தாள்.

காசா எல்லையோரத்து இஸ்ரேலிய ஊரான ஸ்டெரோட்டில் ஒலிபெருக்கி “சிவப்பு வண்ணம்” என்று சொன்னால், ராக்கெட் விழப் பதினைந்து வினாடி. அதற்குள் வீட்டிலிருக்கும் காங்கிரீட் பாதுகாப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியாக வேண்டும். கண்ணில் சோப்போடு நிற்பவளுக்குப் பதினைந்து வினாடி எந்த மூலைக்கு? குழந்தை சத்தத்துக்குப் பயப்படுகிறாள் என்றுதான் தாய் ஒஸ்னாத் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மனநல மையத்திலிருந்து பாட்யா வந்தாள். மூன்று தெரு தள்ளி இருப்பவள். போன மாதம் அவள் வீட்டு ஜன்னலும் போயிருந்தது. வந்தவள் அந்த ஓட்டத்தை ஒரு விளையாட்டாக்கினாள். காலித் தொட்டியில் நோஃபர் உடுப்போடு நிற்க வேண்டும், கை தட்டியதும் ஓட வேண்டும். முதல் தடவை ஒன்பது வினாடி. அடுத்தது எட்டு.

“ஏழு வினாடி மிச்சம். நடுவுல ஒரு டீ குடிச்சுட்டுப் போகலாம் போலிருக்கே,” என்றாள் பாட்யா.

நோஃபர் சிரிக்கவில்லை. “எனக்கு ஓடத் தெரியும். அம்மா கதவைச் சாத்திட்டா என்ன பண்றது?”

சமையலறையில் மீனுக்கு மிளகாய் நறுக்கிக்கொண்டிருந்த ஒஸ்னாத்தின் கத்தி நின்றது.

பதினோரு நாளுக்கு முன்பு மகளுக்குத் தலை தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒலிபெருக்கி கத்தியது. ஒஸ்னாத் ஓடினாள். பக்கத்துத் தெருவில் ராக்கெட் விழுந்த பிறகு கதவைத் திறந்தால், நடைவழியில் நுரை வழிய, சுவரைத் தடவியபடி குழந்தை நிற்கிறது. நீ முன்னாடியே வந்துட்டேன்னு நினைச்சேன் என்று மகளிடம் சொன்னாள். கணவனிடம் அதையே சொன்னாள், பள்ளியிலும் சொன்னாள். முழுப் பூசணிக்காய்தான். குளியலறை வாசலில் அவள் ஒரு கணம் திரும்பிப் பார்த்திருந்தாள். குழந்தையும் அவளைப் பார்த்தது. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். காலும் வேறுதான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாட்யா சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். “அவ உன்னைப் பாத்திருக்கா, ஒஸ்னாத். நீ சொல்றதை நம்பறதா, தன் கண்ணை நம்பறதான்னு தெரியாம புள்ள தவிக்குது.”

“சொன்னா என்னை வெறுத்துடுவா.”

வெறுக்கலாம் என்றாள் பாட்யா. அவளுக்குப் பொய் சொல்ல வராது. மாலையில் தொடங்கும் சபாத் ஓய்வுநாளுக்குத் தன் வீட்டிலும் அடுப்பு காத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று கிளம்பினாள்.

ஒஸ்னாத் தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். “நான் உன்னைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஓடினேன். கதவையும் நான்தான் சாத்தினேன்.”

“தெரியும்,” என்றது குழந்தை. கொஞ்சம் கழித்து, “இன்னொரு தடவையும் ஓடுவியா?”

சத்தியம் செய்ய வாயெடுத்தாள், வரவில்லை. “தெரியலையே, கண்ணு. பயம் வந்தா இந்தக் கால் என் பேச்சைக் கேக்கறதில்ல.”

நோஃபர் யோசித்தாள். கதவில் தொங்கிய குளியல் அங்கியிலிருந்து துணி பெல்ட்டை உருவினாள். ஒரு முனையைத் தாயின் மணிக்கட்டிலும், பல்லால் இழுத்து மறுமுனையைத் தன் கையிலும் இரட்டை முடிச்சாகப் போட்டாள். பிறகு ஷூவைக் கழற்றினாள்.

தண்ணீர் கறுப்பாக ஓடியது. ஒஸ்னாத்துக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு தேய்த்தாள். இரண்டாம் முறை ஷாம்பூ போடும்போது ஒலிபெருக்கி அலறியது.

ஒஸ்னாத்தின் கால்கள் ஓடிவிட்டன. வாசலைத் தாண்டும் முன் கை சுண்டி இழுபட்டது. திரும்பினால், தொட்டியில் முழங்காலில் விழுந்து, பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி மகள். நுரைக்குள்ளும் கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒஸ்னாத் பாய்ந்து அவளை அள்ளினாள். வழுக்கிற உடம்பை மார்போடு இறுக்கிக்கொண்டு நடைவழியில் ஓடினாள். குழந்தை காதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று. ஒஸ்னாத் கதவைச் சாத்தினாள். தரை குலுங்கி, கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் கொட்டியது.

இருவரும் உயிரோடிருந்தார்கள். தானாகத் திரும்பினேனா, பெல்ட் திருப்பியதா? ராக்கெட்டைவிட இந்தக் கேள்விதான் ஒஸ்னாத்தை நடுங்க வைத்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரத்தில் இறுகியிருந்தது.

நோஃபர் அதன்மேல் கையை வைத்து மூடினாள்.

“இருக்கட்டும்மா. இன்னொண்ணு வரும்.”