களிமண்ணுக்குள் இருக்கும் விளிம்பு

1

இந்தக் கதை என் அண்ணன் வீட்டுக் குளியலறையில் பிறந்தது. குளிக்கப் போன அண்ணன் தோளில் துண்டோடு திரும்பி வந்தான்.

"வாளியில இன்னைக்கும் பாட்டில். இந்த வீட்டுல அழுக்குப் பாட்டிலுக்குக் கிடைக்கிற மரியாதை எனக்குக் கிடையாது."

"அதுங்க நூறு வருஷமா குளிக்கலைங்க. நீங்க நேத்துதானே குளிச்சீங்க?" என்றார் அண்ணி.

எனக்குக் கை அரித்தது. எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "ஓடை சலசலத்தது. அதன் மடியில் காலம் உறங்கிக்—" வேண்டாம். ஓடைக்கு மடி கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: "அவள் தனிமையில் வாடும் ஒரு—" இதுவும் பொய். அண்ணி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். "அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று நாள் முழுக்க ஊரையே அதட்டுகிறவர். விடுமுறை நாளில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, ஊருக்குப் பின்னால் ஓடும் ஓடையில் இறங்கிப் பழைய பாட்டில் தேடுவார்.

2

ஒரு பாட்டிலின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? கதையை நிறுத்திவிட்டு இதைச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு அழகான விஷயம்.

பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு கோடு மேலேறும். இரண்டு பாதியாகத் திறக்கும் அச்சுக்குள் கண்ணாடியை ஊதியபோது, பாதிகள் சேர்ந்த இடத்தில் விழுந்த தழும்பு அது. கோடு வாய்வரை ஏறி அதையும் தாண்டினால், இயந்திரம் செய்த பாட்டில். கழுத்தோடு மறைந்துவிட்டால் பெரும்பாலும் அதைவிடப் பழையது. உடலை அச்சில் ஊதிய பிறகு, வாயை மட்டும் யாரோ மறுபடி சூடாக்கி, ஒரு கருவியைச் சுழற்றி உருட்டியிருக்கிறார். அந்தச் சுழற்சியில் கோடு அழிந்துவிட்டது. பெயர் தெரியாத ஒருவரின் மணிக்கட்டு திரும்பிய அந்த நொடி இன்னும் கழுத்தில் இருக்கிறது!

(கண்ணாடிக்குள் குமிழி இருந்தால் பழசு என்று நான் ஒருமுறை சொல்லப்போய், "குமிழி நேத்துப் போட்ட பாட்டில்லயும் இருக்கும். கோட்டைப் பாரு" என்று அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

3

அந்த ஓடையைக் குழாய்க்குள் அடைத்து, மேலே வண்டி நிறுத்துமிடம் கட்ட நகராட்சி முடிவு செய்தது. தடுக்க ஒரே வழிதான் இருந்தது. ஓடை வளைவில், கரை மண்ணுக்குள், ஒரு பழைய குப்பைமேடு புதைந்திருக்கிறது. அண்ணிதான் கண்டுபிடித்தார். அது மொத்தமும் நூறு வருடத்துக்கு முந்தியது என்று தொல்பொருள் அதிகாரி பார்த்து ஒப்புக்கொண்டால், சட்டப்படி அந்த வளைவை யாரும் தொட முடியாது.

'மொத்தமும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். குப்பைமேட்டின் வயதைச் சொல்வது அதிலிருக்கும் மூத்த பொருள் அல்ல, இளைய பொருள். ஒரு பெட்டியில் தாத்தா காலத்துக் கம்பளியும் போன வாரத்து பஸ் டிக்கெட்டும் கிடந்தால், அந்தப் பெட்டியைப் போன வாரத்துக்குப் பிறகும் யாரோ திறந்திருக்கிறார்கள்.

[அந்த வளைவு அண்ணிக்கு என்ன என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். இதை மட்டும் விட்டுவைக்கிறேன்: வேலை முடிந்து அங்கே சற்று நின்றுவிட்டு வரும் நாளில் அவர் அண்ணனைத் திட்டுவதில்லை.]

அதிகாரி வந்த காலையில் நானும் போயிருந்தேன். அந்த அம்மா மேல்கரையில் வண்டியை நிறுத்தி பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். கீழே அண்ணி, கரையின் அடித்தட்டை ஈரத்துணியால் துடைத்தார். களிமண்ணில் பதிந்த ஒரு கண்ணாடிச் சில்லு தெரிந்தது. அதன் முகத்தில் வெள்ளையாக இரண்டு எழுத்து. ஒட்டிய தாள் இல்லை; வண்ணத்தைக் கண்ணாடியிலேயே சுட்டுப் பதித்த எழுத்து. அந்த வித்தை வந்து இன்னும் நூறு வருடம் ஆகவில்லை.

அண்ணியின் கை அப்படியே நின்றது.

4

என் வரைவு இப்படிப் போனது: "அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மேலே யாரும் கவனிக்கவில்லை. பூட்ஸ் நுனியால் சில்லை மெல்ல உள்ளே—"

அண்ணி படித்தார்.

"ஏம்மா, யார் இது?"

"நீங்கதான் அண்ணி. ஒரு நிமிஷம் மனசு தடுமாறுது."

"கண்ணாடியைக் காலால தள்ளுறவளா நான்? பூட்ஸ் கிழிஞ்சா நீ வாங்கித் தருவியா?"

"கதைக்கு ஒரு தடுமாற்றம் வேணும் அண்ணி."

"அப்போ நீ தடுமாறு. என்னை எதுக்கு இழுக்குற?"

அடித்துவிட்டேன். நடந்ததையே எழுதுகிறேன்.

5

ஒரு வாய்ப்பு மிச்சமிருந்தது. ஏதோ ஒரு வெள்ளம் அந்தச் சில்லைக் கொண்டுவந்து கரையில் செருகியிருக்கலாம். அப்படியானால் அது குப்பைமேட்டைச் சேர்ந்ததே அல்ல, வளைவு தப்பிக்கும். எப்படித் தெரியும்? ஓடையில் உருண்ட கண்ணாடியைக் கல்லும் மணலும் தேய்த்துவிடும். உடைந்த விளிம்பு மழுங்கிவிடும். குப்பையோடு கொட்டிய இடத்திலேயே கிடந்தது என்றால் விளிம்பு கத்தியாக இருக்கும். சில்லின் விளிம்பு முழுக்கக் களிமண்ணுக்குள் இருந்தது.

"இழுத்துப் பாத்துடுங்க அண்ணி, அவங்க இறங்குறதுக்குள்ள."

"மாட்டேன்."

"ஏன்?"

"அது மொக்கையா இருக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. இப்போ தனியா தடவினா கத்திகூட மொக்கையாத்தான் தெரியும். என் விரலை நானே நம்ப மாட்டேன்."

பிறகு மேலே பார்த்துக் கத்தினார். "மேடம்! மத்ததெல்லாம் அப்புறம் பாக்கலாம், முதல்ல இங்க வாங்க. எனக்குப் பிடிக்காத ஒண்ணு கிடைச்சிருக்கு!"

"பிடிக்காததா?" அதிகாரியம்மா பாதி வழி சறுக்கிக்கொண்டே இறங்கினார். "அதைத்தான் எனக்கு யாருமே காட்ட மாட்டாங்க."

6

விளிம்புக்கு இரண்டு முடிவும் எழுதிப் பார்த்தேன். மழுங்கிய முடிவைப் படித்த அண்ணன், "அப்பாடா! உங்க அண்ணி கெட்டிக்காரி" என்றான். கூரான முடிவைப் படித்துவிட்டு, "பாவம், வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்" என்றான். இரண்டு தடவையும் அந்தக் கூப்பாட்டைத் தாண்டி ஓடிவிட்டான். அண்ணி அதிகாரியைக் கூப்பிட்டபோது விளிம்பு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் என்னை எழுத வைத்தது. எனவே என்ன ஆனது என்று எனக்குத் தெரிந்தும் இரண்டையும் கிழித்துவிட்டேன்.

இப்போது அதிகாரியம்மா அண்ணிக்குப் பக்கத்தில் குந்தி, சிறு கரண்டியால் களிமண்ணைத் தளர்த்துகிறார். சில்லு ஆடுகிறது.

"நீங்க தடவுறீங்களா?"

"ஐயோ, நான் வேண்டாம். எந்தப் பக்கமும் ஆசை இல்லாத விரலா இருக்கணும்."

"எனக்கும் இந்த இடம் பிடிச்சுப்போச்சே," என்கிறார் அதிகாரியம்மா.

இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் எப்போதோ கட்சி சேர்ந்தவள். ஆகவே உங்களிடம் நீட்டுகிறேன்: கட்டைவிரலை விளிம்பின் குறுக்கே வையுங்கள், நீளவாக்கில் இழுத்துவிடாதீர்கள், அறுத்துவிடும். இவ்வளவு தூரம் படித்ததில் உங்களுக்கும் ஏதாவது ஆசை வந்துவிட்டதென்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அண்ணி கோபித்துக்கொள்ள மாட்டார்; வேறு ஆள் வரும்வரை சில்லைத் தொடாமல் காத்திருப்பார்.