மெழுகுக்கு அடியில் ஒரு கை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. ஒன்பது விளக்கக் குறிப்புகள் எழுதத்தான் உட்கார்ந்தேன். என் அக்காவின் ஓவியங்கள் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நூலகத்தின் மாடிக் கூடத்தில் காட்சிக்கு வருகின்றன. ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் 'குறியீடு', 'உத்தி' என்று இரண்டு தலைப்பில் அரைப் பக்கம் ஒட்டியே ஆக வேண்டும் என்று நூலகர் ஒற்றைக் காலில் நின்றார். அதனால் அக்கா எனக்கு ஃபோன் செய்தாள், பத்து மாதத்துக்குப் பிறகு.

"நான் சொல்றேன், நீ எழுது. வேற எதுவும் பேச வேணாம்."

"சரிக்கா."

"சரிக்கான்னுகூடச் சொல்ல வேணாம்."

அந்தப் பத்து மாத மௌனத்துக்குக் காரணம் ஒரு கதை. அதை எழுதியவனும் நான்தான்.

2

தொடக்கம் ஒன்று: "சன்னல் வழியே அந்தி வெயில் அவளுடைய தூரிகையின் மேல்—" இது ஆகாது. அக்கா வீட்டுச் சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். வெயிலுக்கு அங்கே வேலை இல்லை.

(அக்கா: தூரிகையாம். பிரஷ்னு எழுது.)

இதைச் சொல்ல மறந்துவிட்டேன். அடைப்புக்குறிக்குள் 'அக்கா' என்று வருவதெல்லாம் அவள் பென்சிலால் ஓரத்தில் எழுதியவை. இந்த முறை வரைவைத் தன்னிடம் காட்டிவிட்டுத்தான் வெளியே விட வேண்டும் என்பது அவள் நிபந்தனை.

தொடக்கம் இரண்டு: "அக்கா, அந்தக் கதையில் நான்—"

வேண்டாம். வேறு மாதிரி ஆரம்பிக்கலாம்.

3

அக்காவுக்குத் தொழில் பல் செட் செய்வது. மெழுகில் ஈறு செதுக்கி, அதில் பற்களை ஒவ்வொன்றாகப் பதிப்பாள். மாலையில் வீட்டுக்கு வந்து, சமையலறைக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில் பலகை மேல் எண்ணெய் வண்ணத்தில் படம் வரைவாள். அவள் வரையும் மனிதர்களின் கை வெளியே தெரியாது. பாக்கெட்டுக்குள் இருக்கும், முதுகுக்குப் பின்னால் இருக்கும், மாவுக்குள் புதைந்திருக்கும். கை வரையத் தெரியாததால் ஊரில் எல்லோருக்கும் பாக்கெட் தைத்துக் கொடுக்கும், பல் செட் செய்யும் ஓவியர் ஒருத்தியைப் பற்றி நான் ஒரு நகைச்சுவைக் கதை எழுதினேன். பத்திரிகையில் வந்தது. பெயர் போடவில்லை. ஆனால் பல் செட் செய்யும் ஓவியர் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவள் வேலை செய்யும் இடத்தில் யாரோ அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்துவிட்டார்கள்.

(அக்கா: ரெண்டு வாரம் இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்.)

4

சனிக்கிழமை காலை நோட்டுப் புத்தகத்தோடு போனேன். அத்தான் கதவைத் திறந்து, "வா மச்சான், வா. கோவம் எல்லாம் பாதிதான் மிச்சம்," என்றார். எந்தப் பாதி என்று சொல்லவில்லை.

முதல் படத்தில் ஒருவன் திறந்த ஃப்ரிட்ஜுக்குள் இரண்டு கைகளையும் விட்டபடி நிற்கிறான்.

"குறியீடு என்னக்கா? நவீன வாழ்வின் வெறுமைன்னு போடட்டுமா?"

"பால் இல்ல. அதான் வெறுமை. உங்க அத்தான் வாங்க மறந்துட்டார்."

"உத்தி?"

இந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. உள்ளே வெளிச்சம் எப்படி வந்தது என்று விளக்கினாள். "வெள்ளைன்னு ஒரே கலர் கிடையாதுடா. பல் நிறம் பொருத்திப் பார்க்கிற எங்க ஷேடு கார்டுல வெள்ளையே பதினாறு. இதுல ஏழு இருக்கு, எண்ணிப் பாரு." எண்ணினேன். நான்குதான் தெரிந்தது. அவள் முகம் முழுக்கச் சந்தோஷம். பத்து மாதமாக நான் பார்க்காத முகம்.

மூன்றாவது படத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் ஆறு பேர். பன்னிரண்டு கைகளில் ஒன்றுகூட வெளியே இல்லை. நான் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி படத்தையே பார்த்தேன்.

"கேளு," என்றாள்.

"கை...?"

"கை அடியில இருக்கு."

அதுதான் அவள் உத்தி. முதலில் பலகை முழுக்கக் கைகளை மட்டும் வரைவாள். "மூஞ்சி நடிக்கும், கை நடிக்காது. யார நினைச்சு வரையறேனோ அவங்க கைய முதல்ல போட்டுடுவேன்." அது காய்ந்ததும் வேலையிடத்து மெழுகை உருக்கி மெல்லிசாக ஒரு பூச்சு. அதற்கு மேல்தான் நாம் பார்க்கும் படம். மெழுகு செதுக்கும் கத்தியால் மூன்றாம் படத்தின் ஓரத்தை லேசாகத் தூக்கினாள். மேல்வண்ணம் உரிந்து வந்தது. கீழே ஒரு கிழவரின் கட்டைவிரல், நகத்தின் வெடிப்புவரை துல்லியமாக.

எனக்கு அப்போதே எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

"அப்புறம் ஏன்க்கா மூடிடற?"

"ஒருத்தர் கைய ஊர் முன்னாடி தொங்கவிடலாமா? அவங்களக் கேட்காம?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

5

ஒன்பதாவது படம் ஒரு மஞ்சள் கெட்டில். வேறொன்றும் இல்லை.

"இதுக்கு விளக்கம் கிடையாது," என்று அக்கா எழுந்து போய்விட்டாள்.

அத்தான் என் காதோரம் குனிந்தார். "உன் கதை வந்த வாரம் ஆரம்பிச்சது மச்சான். அடியில நீதான்."

எட்டுக் குறிப்புகளை அன்று மதியமே எழுதி முடித்தேன். ஒன்பதாவது வரவே இல்லை. அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தக் கதை. பத்து மாதமாக அக்கா என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது ஒரு கெட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நான் எப்படி நிம்மதியாக உத்தியைப் பற்றி எழுதுவது?

6

ஞாயிறு காலை இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போனாள்.

"இந்த வாக்கியத்த ஏன் பாதியில விட்ட?"

"சரியா வரலக்கா."

"வந்திருக்கும். நீ மேல ஏதோ பூசிட்ட. முடி."

அவள் பென்சிலை வாங்கி, அவள் பார்க்கப் பார்க்க எழுதினேன்:

அக்கா, அந்தக் கதையில் நான் உன்னை வைத்துச் சிரிக்கவைத்தேன். உனக்கு வலிக்கும் என்று தெரிந்தே எழுதினேன். தப்பு.

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு கெட்டில் படத்தை மேசைமேல் படுக்க வைத்து, கத்தியை என்னிடம் நீட்டினாள்.

"நகம் அளவு. முதல்ல அவ்வளவுதான்."

கீழ் மூலையில் சுரண்டினேன். மஞ்சள் சுருண்டு வந்தது. மெழுகுக்கு அடியில் ஒரு சுண்டுவிரலின் நுனி. உள்பக்கமாகக் கோணலாக வளைந்தது. உலகத்தில் அந்தக் கோணல் ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு. எனக்கு ஆறு வயதில், சண்டையில் அக்கா கதவைச் சாத்தியபோது உள்ளே மாட்டியது. அன்று என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள்.

"கோணல் சரியா வந்திருக்கா?" என்று கேட்டாள்.

என் விரலை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

7

மணி இப்போது இரண்டு. அத்தான் ஆணியும் சுத்தியலுமாக நூலகத்துக்குப் போய்விட்டார். மீதிக் கை எப்படி இருக்கும்? மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அது இறுக்கி மடக்கிய முஷ்டி. இன்னொன்றில் பேனா பிடித்திருக்கிறது, பேனா முனையில் ஒரு குட்டிப் பாக்கெட் தொங்குகிறது. மூன்றாவதில் கதவிடுக்கிலிருந்து இப்போதுதான் எடுத்த கை, அதை ஊதிவிட இன்னொரு சின்னக் கை. மூன்றையும் கிழித்துவிட்டேன். என் அக்கா வரைந்ததை இன்னொரு தடவை அவளுக்காக நான் சொல்லப்போவதில்லை.

"மீதியும் பார்க்கிறதுன்னா பாரு. இப்ப நான் சரின்னுதான் சொல்றேன்," என்றாள். பார்த்தால் கெட்டில் போய்விடும்.

எனக்கு அந்த ஒரு விரல் போதும். ஆனால் நீங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், உங்களுக்குப் போதுமா என்று தெரியவில்லை. படம் கூடத்தின் கடைசிச் சுவரில் இருக்கும். பக்கத்தில் ஒட்டிய தாளில் 'குறியீடு', 'உத்தி' இரண்டுக்கும் கீழே காலியாக விட்டிருக்கிறேன். கத்தி கீழே ஸ்டூலில் இருக்கும்; கை என்னுடையது, எனக்குச் சம்மதம்.

(அக்கா: கெட்டில் நல்லா வந்திருக்கு. சுரண்டறதுக்கு முன்னாடி அதையும் ஒரு நிமிஷம் பார்க்கச் சொல்லு.)