வாயிலுக்கு வந்த நாற்காலி

உச்சிவெயில் தகரக் கூரைகளின்மேல் வெள்ளியென உருகி வழிய, புகைபோக்கிகள் தம் நிழலைத் தம் காலடியிலேயே சுருட்டி வைத்திருக்க, ஆற்றோரத்துக் கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையின் இரும்பு வாயில் தொட்டால் சுடும் வேளை அது. அவ்வாயிலில், எறிகுண்டின் இரும்புச் சில்லுகளை முழங்காலில் சுமந்தபடி, ஒன்பது ஆண்டுகளாக நாள்தோறும் எட்டு மணி நேரம் நின்று காத்தார் முன்னாள் படைவீரர் ஒருவர்.

அவர் மகள் உள்ளே, விளக்கொளியில் புட்டிகளைத் திருப்பித் திருப்பி விரிசல் தேடுபவள். மயிரிழையும் தப்பாத கண் அவளுக்கு. வாய்தான் எளிதில் திறவாது. இப்படியே நின்றால் காலையே எடுக்க நேரும் என்று மருத்துவர் சொன்ன நாள்முதல், அப்பாவுக்கு ஒரு நாற்காலி வேண்டி மும்முறை மடல் எழுதினாள். உட்கார்ந்த காவலாளி தூங்கிவிடுவான் என்று மும்முறையும் மறுத்தார் மேலாளர்.

அன்றோ, படைவீரர்க்கு நன்றி கூறும் நாள். முற்றத்தில் மேடை, மேடையில் செம்பட்டு மெத்தையிட்ட நாற்காலி. காவலரை அதில் அமர்த்திய மேலாளர், "இன்னிக்கு நம்ம விருந்தாளி இவர்தான். நாம நிம்மதியா உட்கார்ந்திருக்கோம்னா, இவர் எல்லையில நின்னதாலதான்" என்று முழங்கினார். கைதட்டல் கூரையை உலுக்கியது. படம் எடுத்து முடிந்ததும் குனிந்து, "சரி பெரியவரே, கேட்ல யாருமில்ல, கிளம்புங்க" என்றார்.

அவர் எழுந்து, காலை இழுத்து இழுத்து நடந்தார். அதைக் கண்ட மகளுக்கு உடல் பற்றி எரிந்தது. விறுவிறுவென மேடையேறி நாற்காலியைத் தூக்கினாள்.

"ஏம்மா, அது விருந்தாளிங்களுக்கு."

"இவரைத்தானே சார் இப்ப விருந்தாளின்னீங்க? நீங்க கைதட்டினதுல அவர் கால் சரியாயிடுச்சா?"

"தூக்குடி, நானும் ஒரு கை பிடிக்கிறேன்" என்று கூட்டத்திலிருந்து எழுந்து வந்தாள் புட்டி அடுக்கும் அக்காள் ஒருத்தி.

வாயிலில் வைத்த நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு நின்றாரேயன்றி, காவலர் அமரவில்லை.

"வேண்டாம்மா. எல்லையில ஒரு நாள் கால் வலிக்குதுன்னு காவல்ல உட்கார்ந்தேன். கண் அசந்துட்டேன். உள்ள படுத்திருந்த மூணு பேர் எழுந்திரிக்கவே இல்ல."

பின்தொடர்ந்து வந்த மேலாளர் சிரித்தார். "பாத்தியா, அவருக்கே வேண்டாமாம்."

மேலாளர்மேல், அந்தக் கைதட்டல்மேல், காலை மட்டுமே பார்த்து ஆளைப் பாராதிருந்த தன்மேல் என அவள் சினம் மூன்றாய்க் கிளைத்தது. அப்பாவின் கையிலிருந்த வருகைக் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு வாயிலின் நடுவே போய் நின்றாள்.

"அப்பா, இப்ப காவல் என்னுது. நான் முழிச்சிருக்கேன். நீங்க உட்காருங்க."

"உன் வேலை போயிடும், தெரியுமா?" என்றார் மேலாளர்.

"தெரியும் சார். லாரி வருது, நம்பர் எழுதணும். கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

காவலர் மகளின் முதுகையே நெடுநேரம் பார்த்தார். பிறகு, ஆழம் தெரியாத நீரில் இறங்குபவர்போல், மெல்ல மெல்ல அமர்ந்தார். சிறிது பொழுதில் அவர் கண்களும் மூடின.

நமக்காக ஒருவர் விழித்திருந்தார் எனில், அவர் கண்மூடும் பொழுதில் நாம் விழித்திருத்தல் கடன். அதைக் கைதட்டித் தீர்த்தவர் இவ்வுலகில் எவருமிலர்.