எட்டின உயரம்

அமிலக் கேன் தாங்குமா என்று பார்க்க யாரும் அதில் அமிலத்தையே ஊற்றிக் கீழே போடுவதில்லை. உடைந்தால் போடுகிறவள் கதி அதோகதி! ஆபத்தில்லாத வேறொரு திரவத்தை ஊற்றி, கொக்கியில் ஏற்றி, சிமெண்டுத் தரையில் விடுவார்கள். கேன் கம்பெனியின் சோதனைக் கூடத்தில், எதை ஊற்றுவது என்று முடிவு செய்வது அவளுடைய வேலை.

புதுக் கேனில் போகவிருந்த அமிலம் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். அவளும் கால்சியம் உப்பைக் கரைத்துக் கரைத்து அதே கனத்துக்குக் கொண்டுவந்து ஊற்றினாள். விழுந்த கேன் அடிமூலையில் வாயைப் பிளந்தது.

மேனேஜருக்கு 'முத்திரை' என்று பட்டப்பெயர். தேறியதோ இல்லையோ, முத்திரை குத்தாவிட்டால் மனுஷனுக்குக் கை அரிக்கும்.

"எதுக்கும்மா இந்த உப்பு வித்தை? குழாய்த் தண்ணிய ஊத்திப் போடு."

"தண்ணி லேசு சார். அதுக்கு இன்னும் உயரத்துல இருந்து விடணும். நம்ம கூரை பத்தாது."

"எட்டின உயரத்துல இருந்து விடு." குரலைத் தாழ்த்தினார். "உன் வீட்டுக்காரருக்கு இந்தக் கேன் போற அமிலக் கிடங்குல வேலை வாங்கிக் குடுத்ததே நான்தான். ஞாபகம் இருக்கட்டும்."

அவள் வாயை மூடிக்கொண்டு குழாயைத் திறந்தாள். அதே மாதிரி இன்னொரு கேன் விழுந்து உருண்டது. ஒரு சொட்டு கசியவில்லை. முத்திரை விழுந்தது.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். "ஏங்க, கிடங்குக்குப் புது நீலக் கேன் வரும். நீங்க தூக்காதீங்க. இடுப்பு வலின்னு சொல்லிடுங்க."

"உன் கை பட்ட சரக்காச்சே! கண்ண மூடிட்டுத் தூக்கலாம்னு இருந்தேன்" என்று அவர் சிரித்தார்.

"பிள்ளை மேல சத்தியம் பண்ணுங்க."

அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போயிற்று, சத்தியம் செய்தார்.

சொன்னபடியே நீலக் கேன் வந்தபோதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீங்க உக்காருங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று அவர் பங்கையும் சேர்த்துச் சுமந்தவன் கூட வேலை செய்த அடுத்த தெருக்காரன். ஒரு நாள் லாரியிலிருந்து இறக்கும்போது கேன் கைநழுவித் தரையில் விழுந்து வெடித்தது. தெறித்த அமிலத்தில் அவனுடைய இரண்டு கண்ணும் போயின.

சேதி கேட்டதும் அவள் மனதில் முதலில் எழுந்தது, 'நல்லவேளை, இவரில்லை.' தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

கணவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வராந்தாவில் அவன் மனைவி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "கேன் டெஸ்ட்ல பாஸாம் அக்கா. இவர்தான் ஒழுங்கா பிடிக்கலன்னு சொல்றாங்க. நீங்க அங்கதானே இருக்கீங்க? பாஸான கேன் விழுந்தா உடையுமா அக்கா?"

அவள் மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"போகட்டும். அண்ணனுக்காவது அன்னிக்கு இடுப்பு வலி வந்துச்சே. இல்லன்னா ரெண்டு குடும்பம் நடுத்தெருவுல நின்னிருக்கும்."

"எனக்கு இடுப்பு வலியே கிடையாதும்மா" என்றார் அவள் கணவர்.

அதை அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் மனைவியைப் பார்த்தே சொன்னார்.