மாத்திரை இறங்கும் வரை

"உன் இடுப்பைப் பார்க்காத டாக்டர்னா இனி மாட்டு டாக்டர் ஒருத்தர்தான் பாக்கி," என்றாள் அக்கா. மாடியிலிருந்த அந்தச் சின்ன மருத்துவமனையில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை சிரித்தாள். துணிக்கடையில் நின்று விற்பவளுக்குச் சிரிப்பு கூப்பிடாமலே வரும். முகம் சுருங்கினால் வந்தவர்கள் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள் என்பது முதலாளியின் வேதம்.

இந்த மருத்துவரும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், இனி யார் வாசலையும் மிதிக்கப்போவதில்லை என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். முதலில் பார்த்தவர் எடையைக் குறைக்கச் சொன்னார். எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். அதற்கடுத்தவர் வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று கேட்டார், அதுவும் அக்காவிடம். நல்லவேளை ஒன்றுமில்லை என்று உறவுக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அதன்பிறகு வலிக்கிறது என்று சொன்னால் வீட்டுக்காரர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

உள்ளே மருத்துவராக ஒரு வயதான அம்மாள் இருந்தார். பழைய சீட்டுகளைப் புரட்டவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட உடை, வாரிய தலை, பூசிய முகம்.

"கிளம்பும்போது வலி மாத்திரை போட்டீங்களா?"

போட்டதாகச் சொன்னாள்.

"எல்லா டாக்டர்கிட்டயும் போட்டுக்கிட்டுதான் போனீங்களா?"

"போடாம எப்படிம்மா வர்றது? நாலு பேர் இருக்கிற இடத்துல முனகிக்கிட்டு உட்கார முடியுமா?"

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள்.

அம்மாள் கடிந்துகொள்ளவில்லை. மாத்திரையின் வேகம் இறங்கும் வரை வெளியே இருக்கச் சொன்னார். எவ்வளவு நேரமானாலும் தான் இருப்பதாகச் சொன்னார்.

காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அக்கா எதிர்வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வலி விருந்தாளியைப்போலத் தயங்கி வரவில்லை, வெளியே போயிருந்த வீட்டுக்காரரைப்போல நேரே உள்ளே வந்தது. முதலில் இடுப்பு, பிறகு தொடை, பிறகு குதிகால். அக்காவின் குரல் எங்கோ தள்ளிப் போனது. தங்கை நாற்காலியில் சாய்ந்தாள், நிமிர்ந்தாள், மறுபக்கம் சாய்ந்தாள். ஒரு கட்டத்தில் அக்கா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

கூப்பிட்டபோது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே நுழைந்ததும் மருத்துவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இங்க யாருக்கும் எதையும் விக்க வேண்டாம்மா," என்றார் அவர்.

முகத்திலிருந்து அந்தச் சிரிப்பை இறக்கி வைக்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அம்மாள் கட்டைவிரலால் முதுகின் கீழே மெல்ல அழுத்திக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் ஒரு சத்தம் எழுந்தது. தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்று அவளுக்கே உடனே தெரியவில்லை. கூடவே வளர்ந்த அக்கா அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை. கைப்பையின் பிடியை முறுக்கியபடி தரையைப் பார்த்தாள்.

"எல்லா வலியும் படத்துல தெரியாது. உங்களுக்கு வலி இருக்கு. நிஜமா இருக்கு."

எத்தனையோ அறைகளில் அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அக்காதான் அவசரப்பட்டு, சரியாகிவிடுமா என்று கேட்டாள்.

"குறைக்கலாம். நிக்கிற மாதிரி, தூங்குற மாதிரி பண்ணலாம். முழுசா போயிடும்னு சொன்னா அது பொய்."

அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினார்.

படியிறங்கும்போது அக்கா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பாதிப் படியில் தங்கை நின்றுவிட்டாள். ஏறி வந்த ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் நகரவில்லை.

"ஏன்டி அழற? நல்ல டாக்டர்தானே கிடைச்சிருக்காங்க?"

"ஆமாக்கா," என்றாள். "இத்தனை நாளும் இதை முழுசா சரிபண்ற இன்னொருத்தர் எங்கேயோ இருக்காருன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அக்கா பிடியைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.