டோப்ரி ஐயாவின் எதிராளி

எங்கள் வார்னா நகரத்தின் காவல் தலைவர் டோப்ரியால் என் காபிக்கடைக்கு நஷ்டம்தான். குதிரைவண்டிக் காலத்தில் சாதாரணக் காவலராகச் சேர்ந்து, ஊருக்குள் மோட்டார் கார் வந்தபோது தலைவரானவர். ஒரு திருடனின் முகம்கூட அவருக்கு மறக்காது. அவர் தலை வாசலில் தெரிந்தாலே பாதிக் கூட்டம் காபியை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவிவிடும். மீதிப் பேருக்கு அவரோடு பகடை ஆடப் பயம். பாவம், வலக்கைக்கும் இடக்கைக்கும் போட்டி வைத்துத் தனியாகவே ஆடிக்கொள்வார்.

ஓய்வுபெற்ற மறுநாள் சீருடை இல்லாமல் வந்தார். பழக்கதோஷத்தில் எல்லோரும் எழுந்தார்கள். பிக்பாக்கெட் மின்ச்சோ மட்டும் பின்வாசல் வரை போய்த் திரும்பி வந்து, அவர் எதிரே உட்கார்ந்து காய்களை அடுக்கினான்.

“உருட்டுங்க ஐயா. இனிமே என்னை விட்டா உங்களுக்கு யாரு இருக்கா?”

டோப்ரி வாய்விட்டுச் சிரித்தார். சட்டைப்பையிலிருந்த கடிகாரத்தைச் சங்கிலியோடு கழற்றி என்னிடம் நீட்டினார்.

“இதைக் கொஞ்சம் வச்சுக்கம்மா. இவன் கை சும்மா இருக்காது.”

மின்ச்சோவும் தன் கடிகாரத்தை எடுத்து என் கையில் வைத்தான்.

“அப்போ இதையும் வச்சுக்கக்கா. ஐயாவுக்கு நேத்தோட வேலை போயிடுச்சு.”